எழுப்பக்கூடாத தூக்கம்

சிங்கப்பூரில் சாங்கி படகுத்துறையில் படகுக்காரர் எங்களை ஒரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நாங்கள் மூன்று பேர். சைக்கிளோடு ஒரு சீனத் தம்பதி. மற்றவர்கள் இனிமேல்தான் எங்கிருந்தாவது வந்து சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காற்றே இல்லை. டீசல் வாசனையும் மீன் வாசனையும் கலந்து முகத்தில் அடித்தது. தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழப் பறந்து போனது. ஸ்டெல்லா புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். லிங்கம் நின்றுகொண்டே தூங்கினான்.

நிஜமாகவே நின்றுகொண்டுதான். தூணில் தோளைச் சாய்த்து, கையில் போனைப் பிடித்தபடி. ராத்திரி முழுக்க ஜூரோங் பக்கம் ஓர் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அறைக்குக்கூடப் போகாமல் நேராக எங்களிடம் வந்திருந்தான்.

"ரூமுக்குப் போய்ப் படுடா. தீவு எங்கயும் ஓடிப்போகாது, இன்னொரு ஞாயித்துக்கிழமை போலாம்" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான். "ரூம்ல ஒண்டியா படுத்துகினு இருந்தா தூக்கம் வராது ராஜி. அப்பாவையே நெனச்சிகினு கெடப்பேன். உங்ககூட இருந்தா கொஞ்சம் தேவல."

அவனுடைய அப்பா அப்போது நெய்வேலியில் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சுத்திணறல். சேர்த்து மூன்று நான்கு நாள் ஆகியிருந்தது. சனிக்கிழமை இட்லி சாப்பிட்டார், நர்ஸிடம் காபி கேட்டுச் சண்டை போட்டார் என்று அக்கா தேவகி சொல்லியிருந்தாள். அதில் இவனுக்குக் கொஞ்சம் தெம்பு. லீவு கிடைத்து, புதன்கிழமைக்கு டிக்கெட் போட்டிருந்தான். போய் அப்பாவைப் பார்த்துவிடுவோம் என்பதில் அவனுக்கும் சந்தேகம் இல்லை, எங்களுக்கும் இல்லை.

எந்த பிளாக்?

"சிங்கப்பூர் வாழ்க்கை என்று ஆரம்பிக்கிறீர்கள், இரண்டு பத்தி தாண்டுவதற்குள் நெய்வேலிக்கு ஓடிவிடுகிறீர்களே" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். என்ன செய்வது, புத்தி அப்படி. இந்த வாரமும் ஓடத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

நெய்வேலி நகரியத்தில் பிறந்தவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் சற்றுத் திணறுவோம். என் அப்பாவின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. வளர்ந்தது நிலக்கரிக் கம்பெனியின் குவார்ட்டர்ஸில். அப்பா ரிடையர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் தூங்கிய அறையில் வேறொரு வீட்டுப் பிள்ளை தூங்கும். நாம் வைத்த முருங்கையில் வேறொருத்தர் காய் பறிப்பார்.

அதனால் எங்களுக்கு ஊர் என்பது கூடப் படித்த ஆட்கள்தான். வெளிநாட்டில் இரண்டு நெய்வேலிக்காரர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "எந்த பிளாக்?" இரண்டாவது கேள்வி, "அப்பா மைன்ஸா, தெர்மலா?" சுரங்கமா, அனல்மின் நிலையமா என்று அர்த்தம். மற்றவர்கள் முதலில் கேட்கிற ஜாதியையும் சம்பளத்தையும் நாங்கள் அப்புறமாக, மெதுவாகத் தெரிந்துகொள்வோம்.

நான், ஸ்டெல்லா, லிங்கம் மூவரும் ஒரே பிளாக், ஒரே பள்ளிக்கூடம். ஸ்டெல்லா இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். எனக்கு ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு வேலை. லிங்கத்தின் முழுப்பெயர் ராமலிங்கம். வடலூர்ப் பக்கம் தெருவுக்கு நான்கு பேர் இந்தப் பெயரில் இருப்பார்கள். எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர். வாத்தியார்கள் இவனை இனிஷியலை வைத்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

மூன்று பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் எங்காவது கிளம்பிவிடுவோம். அன்றைக்குப் புலாவ் உபின் தீவுக்கு. சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், மரங்கள் இருக்கும், கூட்டம் கிடையாது. நகரியத்தில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

ஜன்னல் சாத்திய வீடு

சைக்கிளில் ஏறுவதற்கு முன் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது உங்களுக்குப் புரியாது.

நெய்வேலியில் மூன்று ஷிப்ட். சுரங்கமும் மின்நிலையமும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். அதனால் எந்தத் தெருவிலும் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். காலை பத்து மணிக்கு ஜன்னலெல்லாம் சாத்தி, வாசலில் பூட்ஸ் கிடந்தால், அது நைட் ஷிப்ட் வீடு. நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த வீட்டைத் தாண்டும்போது சைக்கிள் பெல் அடிக்கக் கூடாது. கீரைக்காரம்மா அங்கே வந்ததும் குரலை இறக்கிக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிப் போய் மறுபடி கூவுவார். கிரிக்கெட் அடுத்த தெருவுக்கு மாறிவிடும். அந்த வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. அவர் வருவதற்கு முன்பே சமையல் முடிந்திருக்கும். ஸ்டெல்லாவின் அப்பாவும் மைன்ஸ்தான். அவர் தூங்குகிற நேரத்தில் ஜெபமாலையைக்கூட உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லுவார்கள். மாதாவுக்குக் கேட்டால் போதும், அப்பாவுக்குக் கேட்கக் கூடாது.

என் அப்பா ஆபீஸ். ஜெனரல் ஷிப்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற மனிதர். அதனால் எங்கள் வீட்டில் வானொலி அலறும், நானும் அலறுவேன். ஒருமுறை லிங்கத்தின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று "டேய் லிங்கம்!" என்று கத்திவிட்டேன். அவன் அம்மா பச்சையம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்திப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அடிப்பாரோ என்று பயந்தேன். கொய்யாக்காயை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கையில் கொடுத்து, காதோரமாகச் சொன்னார்.

"அவரு இப்பத்தான் கண்ண மூடனாரு பாப்பா. ராவெல்லாம் முழிச்சிகினு இருந்துட்டு வந்தவர எழுப்பனா பாவம்."

பாவம் என்றுதான் சொன்னார். திட்டவில்லை. அதனாலேயே அது எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது. பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, குசுகுசுவென்று பேசி, குசுகுசுவென்று சண்டை போட்டு நாங்கள் வளர்ந்தோம். இத்தனை வருஷம் கழித்தும் சிங்கப்பூர் வீட்டில் நானும் ஸ்டெல்லாவும் கதவைச் சத்தம் வராமல்தான் சாத்துகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களை ரொம்ப நாகரிகமானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோவிந்தசாமி

லிங்கத்தின் அப்பா பெயர் கோவிந்தசாமி. காடாம்புலியூர்ப் பக்கம் அவர்கள் ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அடுத்தவர் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிய குடும்பம். இவர் இளவயதில் மைன்ஸுக்குக் கான்ட்ராக்ட் ஆளாக வந்தார். வருஷக்கணக்கில் அப்படியே இருந்து, லிங்கம் தொடக்கப்பள்ளியில் படிக்கும்போது பர்மனெண்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்து எங்கள் தெருவுக்கு வந்தபோது ஊரிலிருந்து இரண்டு பெரிய பலாப்பழம் கொண்டுவந்து, வீட்டுக்கு வீடு சுளை கொடுத்தார்கள். அந்த வாசனை இரண்டு நாள் தெருவில் இருந்தது.

கன்வேயர் பெல்ட் பகுதியில் வேலை. பழுப்பு நிலக்கரி சுமந்து ஓடுகிற பெல்ட் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குளித்தாலும் காது மடலின் பின்புறம் கருப்பாகவே இருக்கும். பேச்சு மிகவும் குறைவு. என்னைப் பார்த்தால், "இன்னா பாப்பா, சாப்ட்டியா?" அவ்வளவுதான். நான் பதில் சொல்வதற்குள் போய்விடுவார்.

எனக்கு அவரைக் கொஞ்சமும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பஜார் போவார், கதை சொல்வார், பரீட்சை என்றால் கூடவே உட்காருவார். இவர் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் பார்த்ததில்லை. விளையாட்டு விழாவில் லிங்கம் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது, மேடைக்குக் கீழே எல்லார் அப்பாவும் நின்றார்கள். இவர் இல்லை. கேட்டால் ஷிப்ட். எப்போது கேட்டாலும் ஷிப்ட். என்ன அப்பாவோ என்று அந்த வயதில் நினைத்திருக்கிறேன்.

லிங்கம் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் ஏதாவது ஆரம்பித்தால், "அவரு அப்படித்தான்" என்று பேச்சை மாற்றிவிடுவான்.

தீவு

ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்து சேர்ந்ததால் படகு கிளம்பியது. தீவில் இறங்கி, ஸ்டெல்லா கூடை வைத்த சைக்கிளைத் தேர்ந்தெடுத்தாள், புளிசாதத்துக்காக. மெதுவாக மிதித்தோம். பாதையின் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், தென்னை, நடுநடுவே பலா.

"இதெல்லாம் ஒரு பலாவா?" என்றான் லிங்கம், தூக்கத்திலும் விட்டுக்கொடுக்காமல். "எங்கூர்ல இத மாட்டுக்குப் போடுவாங்க."

"எங்க, ஒரு சுளை கெடைச்சா நீ சாப்பிடாம இருந்து காட்டு" என்று ஸ்டெல்லா சீண்டினாள். சிரித்தான். அன்றைக்கு அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தீவில் பழைய கருங்கல் குவாரிகள் இருக்கின்றன. தோண்டி எடுத்து முடித்த பிறகு தண்ணீர் நிரம்பி ஏரியாகிவிட்டன. மேலே வேலியோரம் நின்று பார்த்தோம். பச்சைத் தண்ணீர், வெட்டிய பாறையில் வரிசையாக வெள்ளைக் கொக்குகள். சுரங்கத்துக்காரப் பிள்ளைகள் அல்லவா, பள்ளத்தைக் கண்டால் எங்களுக்கு நின்று பார்க்க வேண்டும். யாரும் அவசரப்படுத்தவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடலோரம் ஒரு கொட்டகையில் சாப்பிட்டோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. லிங்கம் இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டான். பிறகு புல்லில் துண்டை விரித்தான். போனை என் கையில் கொடுத்தான்.

"அக்கா பண்ணுச்சுன்னா எழுப்பு."

"சரிடா."

"மறக்காத."

"எழுப்பறேன்டா. தூங்கு."

அடுத்த நிமிஷம் குறட்டை. நானும் ஸ்டெல்லாவும் பழக்கம் மாறாமல் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். எதிர்க்கரை மலேசியா என்பதால் அங்கே சிக்னல் ஒரு நேரம் சிங்கப்பூர், ஒரு நேரம் மலேசியா என்று மாறி மாறி வரும். அதனால் நான் போனை மடியில் வைத்து அடிக்கடி பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

"கொஞ்சம் கிட்ட"

போன் வந்தது. வீடியோ கால். தேவகி அக்கா.

"ராஜி, தம்பி எங்கம்மா? சீக்கிரம் குடு. அப்பாவுக்குக் காத்தாலருந்து மூச்சு ரொம்ப வாங்குது. தொண்டையில குழா வைக்கப் போறாங்களாம். வச்சிட்டா பேச முடியாதாம். அதுக்கு முன்னால புள்ளகிட்ட ரெண்டு வார்த்த பேசட்டும்னு டாக்டரு வுட்டிருக்காரு. சீக்கிரம்மா!"

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தினமும் பார்க்கிற வேலை. முகம் மாறிவிட்டது. "குழாய் வச்சா மயக்கத்துல வச்சிருவாங்கடி. இந்த வயசுல அப்புறம் எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. எழுப்பு" என்றாள்.

எழுந்து லிங்கத்திடம் போனேன். அதற்குள் அந்தப் பக்கம் போன் கை மாறிவிட்டது. திரையில் கோவிந்தசாமி அப்பா. மாஸ்க்கை அவரே கீழே இழுத்துவிட்டிருந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நரைத்த தாடி முள்முள்ளாக நின்றது.

"யாரு, பாப்பாவா?"

"ஆமாம்ப்பா. இதோ, லிங்கம் தூங்கறான். எழுப்பிடறேன்."

"இன்னா ஷிப்ட்டு?"

"நைட்டுப்பா. காலையிலதான் முடிச்சிட்டு வந்தான்."

"அப்ப எழுப்பாத."

என் கை லிங்கத்தின் தோளுக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, அவனே எழுப்பச் சொல்லியிருக்கான்ப்பா. எழுப்பலேன்னா என்னைத் திட்டுவான்."

"எழுப்பாத பாப்பா." மூச்சு வாங்கினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் விசில் மாதிரி ஒரு சத்தம். "பாதித் தூக்கத்துல எழுப்புனா... நாளெல்லாம் தல நோவும். தூங்கட்டும்."

பின்னால் தேவகி அக்கா அழுகிற குரல். "ராஜி, அவரு சொல்றாருன்னு கேட்டுகினு நிக்காத! எழுப்பு அவன!"

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் எழுப்பியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருப்பான். ஆனால் அவருடைய கண் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கெஞ்சுகிற பார்வை இல்லை. அவர் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொல்கிற பேச்சுதான். அவருடைய பேச்சை மீற எனக்கு வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, இப்போது கேட்டாலும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

"காட்டு" என்றார்.

"எதைப்பா?"

"அவன காட்டு."

கேமராவைத் திருப்பினேன். லிங்கம் மல்லாந்து, வாயைத் திறந்து, ஒரு கையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு தூங்கினான். சட்டைக் காலரில் எண்ணெய்க் கறை. காலில் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"கொஞ்சம் கிட்ட."

குனிந்து, முழங்காலிட்டு, போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். படம் ஆடக் கூடாது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. இந்தப் பக்கம் குறட்டை.

"வெயிலு மூஞ்சில வுழுது பாரு" என்றார்.

மரக்கிளை வழியாகக் கொஞ்சம் வெயில் லிங்கத்தின் கண்மேல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. எழுப்பு எழுப்பு என்று என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, எழுந்துபோய், தன் நிழல் அவன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றாள். நின்றுகொண்டே அழுதாள். சத்தம் வராமல் அழுதாள்.

எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிறகு யாரோ ஆங்கிலத்தில் அவசரப்படுத்துகிற குரல் கேட்டது. "போதும்" என்றார். திரையில் ஆஸ்பத்திரி மின்விசிறி தெரிந்தது. தொடர்பு அறுந்தது.

அந்தக் கணமே லிங்கத்தை எழுப்பினேன். திரும்பக் கூப்பிட்டான். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று தேவகி அக்கா சொன்னாள். அதற்கு மேல் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குக் கேட்கவில்லை, அவன் முகத்தில் தெரிந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டான். என்னைப் பார்த்தான்.

"எழுப்பச் சொன்னனே ராஜி."

"அப்பாதான் வேண்டாம்னார்."

தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை எடுத்தான். படகுத்துறையில் ஆள் சேரவில்லை. மூன்று பேருக்கு முழுப் படகையும் பேசிக்கொண்டு கரைக்கு வந்தோம். அன்றைய விமானத்திலேயே கிளம்பினான். போய்ச் சேர்ந்தபோது அப்பா உயிரோடுதான் இருந்தார். ஆனால் கண் திறக்கவில்லை. சில நாள் அப்படியே இருந்து போய்விட்டார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தானாம்.

வடலூர் வீடு

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் கிடையாது. லிங்கம் திரும்பி வந்தான், போன் செய்தால் எடுத்தான், தீபாவளிக்கு வந்து சாப்பிட்டான். ஆனால் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவன் அப்பாவின் பிள்ளை, வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவனை இழந்துவிடுவோமோ என்று பயம் வந்துவிட்டது.

முதல் தெவசத்துக்கு நானும் லீவு போட்டுக்கொண்டு போனேன். ரிடையர் ஆனதும் அவர்கள் வடலூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். சாமி கும்பிட்டு, காக்கைக்கு வைத்து, இலை போட்டார்கள். தேவகி அக்கா பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலை வந்ததும் சாம்பார் வாளியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அத்தனை பேர் மத்தியில். எனக்கு முகம் சுட்டது.

சாப்பிட்டு எல்லோரும் கலைந்த பிறகு கூடத்தில் நாங்கள் நான்கு பேர் மட்டும். பச்சையம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தேவகி அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒரு வார்த்த பேச வுட்டிருக்கலாம் நீ. உனக்கின்னா கொறஞ்சி பூடும்? சாவப் போற மனுசன்."

ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது எனக்கும் வெடித்தது. "நான் என்னக்கா பண்ணட்டும்? அவரே வேண்டாம்னு சொல்றார். மூச்சு விட முடியாம சொல்றார். அதை மீறி எழுப்பியிருந்தா, போற நேரத்துல எம்பேச்சக் கேக்கலியேன்னு நெனச்சிருக்க மாட்டாரா?"

"நீ சும்மா இருடி தேவகி" என்றார் பச்சையம்மா. அவர் குரலில் கோபம் இல்லை. "ஆஸ்பத்திரில போனப் புடிச்சிகினு இருந்தது நானு. அவரு மூஞ்சிய நான் பாத்தன். நீ பாக்கல."

அப்புறம் யாரையும் பார்க்காமல், தன் காலையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஃபஸ்ட் ஷிப்ட்டுன்னா புள்ளைங்க ஏந்திரிக்கறதுக்கு முன்னால பூடுவாரு. செகண்ட் ஷிப்ட்டுன்னா அதுங்க தூங்கனப்புறம்தான் வருவாரு. நைட்டுன்னா பகல்ல அவரு தூங்குவாரு. அந்த மனுசன் எந்தக் காலத்துல புள்ளைய முழிச்சிகினு பாத்தாரு? செகண்ட் ஷிப்ட் முடிச்சி வந்தா, சோறு திங்கறதுக்கு முன்னால இவன் படுத்திருக்கற எடத்துல போயி நிப்பாரு. வெளக்கப் போட மாட்டாரு. நான் தட்ட வச்சிகினு குந்தினு இருப்பன், சோறு ஆறிப்பூடும். கூப்ட்டா வரமாட்டாரு. புள்ள முழிச்சிகினு இருந்தா அவருக்கு இன்னா பேசறதுன்னு தெரியாது. சாப்ட்டியாம்பாரு, படிச்சியாம்பாரு, அவ்ளோதான். அன்னிக்கு இந்தப் பொண்ணு எழுப்பி வுட்டிருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பாரு."

"அதையாச்சும் கேட்டிருப்பாரேம்மா" என்றாள் தேவகி அக்கா.

தேவகி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"எனக்குத் தெரியும்மா" என்றான் லிங்கம்.

நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். கதவுநிலையில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு வந்து நிப்பாருன்னு தெரியும். சைக்கிள் ஸ்டாண்டு போடற சத்தம் கேட்டதும் கண்ண மூடிக்குவேன். தொறந்தா, 'இன்னும் தூங்கலியா'ன்னுட்டுப் போயிடுவாரு. அதனால மூடிகினே இருப்பேன். எவ்ளோ நேரம் நிக்கறாருன்னு உள்ளுக்குள்ள பாத்துகினே இருப்பேன். பெரியவனானப்புறமும் அப்படித்தான். ஒரு நாளுகூடத் தூங்கனது இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பினான். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அன்னிக்குத்தான் ராஜி, நெசமாவே தூங்கிட்டேன்."